ஸ்பேர் மோட்டார்: பழைய அவுட்போர்டு வாங்கியவனின் குறிப்புகள்

ஜமுனாமரத்தூரில் என் வாடகை வீட்டுக்குப் பின்னால் ஒரு 200 லிட்டர் டிரம் இருக்கிறது. போன ஜூன் முதல் செப்டம்பர் வரை அதன் விளிம்பில் பலகை கட்டி, பலகையில் ஒரு படகு மோட்டாரை மாட்டி, சனி ஞாயிறுகளில் ஓட்டிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஜவ்வாது மலை. கடல் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போகணும். இந்த ஊரில் படகு என்றால் ஏரியில் சுற்றுலாக்காரர்கள் மிதிக்கிற மிதிபடகுதான். புகையும் சத்தமும் கேட்டு வந்த பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "சார், இத ஏரியில உடப் போறீங்களா?"

ஏரிக்கு இல்லை. எனக்குச் சொந்த ஊர் குளச்சலுக்கு மேற்கே, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை. வேலை நிமித்தம் மலையில் இருக்கிறேன். அண்ணன் இன்னும் கடலுக்குப் போகிறார். மோட்டார் அவருடையது. பாதிப் பணம் என்னுடையது. அதனால்தான் இத்தனை ஆராய்ச்சி என்றும் சொல்லலாம்.

எங்கள் பக்கம் ஃபைபர் வள்ளத்தில் இரண்டு மோட்டார் வைத்துப் போவது வழக்கம். ஒன்று ஓடும், இன்னொன்று ஸ்பேர். அண்ணனின் பழைய ஸ்பேர் உப்பில் இற்றுப்போனதும், போன மார்ச்சில் 28,000 ரூபாய்க்கு இன்னொரு பழையதை வாங்கினார். 8 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜப்பான் மோட்டார். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு கம்பெனியுடையது இல்லை. வாங்குவதற்கு முன் போனில் சொன்னேன், கொஞ்சம் கூடப் போட்டு நல்லதாகப் பார்க்கலாமே என்று. "ஸ்பேருக்குத் தானே மக்கா, இது போரும்" என்றார்.

அந்த வாக்கியத்தில்தான் கோளாறு என்று எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆனது. ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி, கரையிலிருந்து நல்ல தூரத்தில், ஓடிக்கொண்டிருந்த முதல் மோட்டாரின் புரொப்பல்லரில் யாரோ அறுத்துவிட்ட வலை சுற்றிக்கொண்டது. கியர் போய்விட்டது. ஸ்பேரை இறக்கினார்கள். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது, 20 நிமிடம் ஒழுங்காக ஓடியது, பிறகு இழுவை குறைந்து நின்றது. அரைமணி நேரம் கழித்து மறுபடி பிடித்தது, மறுபடி நின்றது. மூன்று பேர் இருந்தார்கள். நீவாடு, அதாவது நீரோட்டம், கரையை விட்டு வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. விடியற்காலை வேறொரு வள்ளம் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. கடல் அமைதியாக இருந்த ராத்திரி அது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்ததைப் பார்த்த ஊரில், அமைதியாக இல்லாத ராத்திரியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஓடுகிற மோட்டாரின் குணம் தினமும் கடலுக்குப் போகிறவனுக்குத் தெரியும். எப்போது இருமும், எப்போது சூடாகும், எந்தச் சத்தம் புதுசு என்று காது சொல்லிவிடும். ஸ்பேரின் குணம் யாருக்கும் தெரியாது. அது ஓடுவதே மற்றது நின்ற பிறகு, பெரும்பாலும் இருட்டில். ஆக, இருப்பதிலேயே மோசமான நேரத்தில் கைகொடுக்க வேண்டிய மோட்டாரைத்தான் நாம் இருப்பதிலேயே மலிவாக வாங்குகிறோம். வாங்கின பிறகு ஓட்டாமலும் வைக்கிறோம்.

இனி மோட்டாரைப் பற்றி.

அவுட்போர்டு என்பது படகின் பின்பலகையில் திருகி மாட்டுகிற, முழுசாகக் கழற்றித் தோளில் தூக்கிப் போகக்கூடிய மோட்டார். மேலே என்ஜின், நடுவில் நீண்ட தண்டு, அடியில் தண்ணீருக்குள் கியரும் புரொப்பல்லரும். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் என்ற நார்வே நாட்டுக்காரர் 1909-ல் விற்க ஆரம்பித்த வடிவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. எங்கள் கடற்கரைக்கு இது பரவலாக வந்தது 1980-களின் தொடக்கத்தில். அதற்கு முன் பாயும் துடுப்பும்தான். முட்டத்தில் பெல்ஜியத்துப் பாதிரியார் பியர் ஜில்லே பிளைவுட் படகு கட்டப் பழக்கிய காலமும் அதுவே. 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, எங்கள் ஆட்கள் வாயில் 'சிஃப்ஸ்', படகு கட்டும் தளங்களும் மோட்டார் பட்டறைகளும் நடத்தியது. பட்டறை இருந்ததால் மோட்டார் நிலைத்தது என்பது என் கருத்து. கிழக்குக் கடற்கரையில் நாகப்பட்டினம் பக்கம் போனால் கதை வேறு. அங்கே ஃபைபர் படகில் டீசல் என்ஜினை வைத்து நீளத் தண்டு கோத்து ஓட்டுவார்கள். அதன் சங்கடங்கள் தனி.

மண்ணெண்ணெய் ஏன்? விலைதான் காரணம். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் ஒரு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் மிச்சமிருக்கிற மண்ணெண்ணெயை எரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தடவை ஆறின என்ஜின் லேசில் பிடிக்காது. கரைக்கு வந்த அவசரத்தில் இந்தக் கடைசி ஒரு நிமிடத்தை விடுகிறவர்கள்தான் அதிகம். இரவல் வாங்கி ஓட்டுகிறவன் நிச்சயம் விடுவான்.

மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடச் சீக்கிரம் தானாக வெடிக்கிற எண்ணெய். அதனால் மண்ணெண்ணெய் மாடல்களில் அழுத்தத்தைக் குறைத்துக் கட்டியிருப்பார்கள். பழைய மோட்டார் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: இது பிறந்தபோதே மண்ணெண்ணெய் மாடலா, இல்லை பெட்ரோல் மாடலுக்கு யாரோ ஒரு டீ குழாய் வைத்து மண்ணெண்ணெய் குடிக்கப் பழக்கினார்களா? இரண்டாவது வகை ஓடும். சுமை ஏறினால் உள்ளே தட்டும். தட்டத் தட்ட பிஸ்டனின் தலை அரிக்கும். கவரில் ஒட்டியிருக்கிற மாடல் எண்ணை ஒரு முறை படித்தாலே போதும். நான் பார்த்தவரை விற்கிறவர்களும் படிப்பதில்லை, வாங்குகிறவர்களும் படிப்பதில்லை.

அடுத்தது உயரம். ஆளுடையது இல்லை, தண்டினுடையது. 15 அங்குலப் பின்பலகைக்கு ஒன்று, 20 அங்குலத்துக்கு ஒன்று என இரண்டு அளவில் வரும். உயரமான பலகையில் குட்டைத் தண்டு மோட்டாரை மாட்டினால், அலையில் பின்பக்கம் தூக்கும்போதெல்லாம் புரொப்பல்லர் காற்றை அடிக்கும். என்ஜின் அலறும், வள்ளம் நகராது. ஊரில் "ஓடுது, ஆனா இழுக்கல" என்று விலைக்கு வருகிற மோட்டார்களில் சிலதுக்கு வியாதியே இதுதான். அளவு டேப் கையில் இருந்தால் நல்ல பேரம் கிடைக்கும்.

அப்புறம் கியர் எண்ணெய். மோட்டாரை நிமிர்த்தி ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் அடித் திருகை லேசாகத் தளர்த்த வேண்டும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், அதனால் உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும். ஓட்டின உடனே பார்த்தால் இரண்டும் கலந்து பால்காப்பி நிறத்தில் வரும். எங்கள் பக்கம் இதற்கு முக்கால்வாசிக் காரணம் தங்கூசி. அறுந்த தங்கூசி நரம்பு புரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றி, கத்தி மாதிரி சீலை அறுத்துவிடும். சீல் விலை கம்மி. அறுந்தது தெரியாமல் ஆறு மாதம் ஓட்டினால் கியர் விலை கம்மி இல்லை. மாதம் ஒரு தடவை புரொப்பல்லரைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது. கழற்றும்போது நடுவிலிருக்கிற ரப்பர் புஷ் வழுக்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

பிளக்கைக் கழற்றிவிட்டு அழுத்தம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கேஜ் இருந்தால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. எண் எவ்வளவு என்பதைவிட இரண்டும் சமமா என்பதே முக்கியம். கேஜ் இல்லாவிட்டால் கட்டை விரல். எங்கள் மோட்டார் இந்தப் பரீட்சையில் நன்றாகவே தேறியது. அதுதான் எங்களை ஏமாற்றியதும்.

பில்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்ட விற்பனைச் சீட்டும், மோட்டாரின் மேல் அழியாத எண்ணும் இல்லாமல் வாங்காதீர்கள். நாளைக்குப் படகுப் பதிவு, மானியம் என்று எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இப்போது எங்கள் மோட்டாரின் வியாதிக்கு வருகிறேன். மே விடுமுறையில் ஊருக்குப் போனபோது அண்ணன் ஏற்கெனவே நாலு ஜோடி பிளக் மாற்றியிருந்தார், கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவியிருந்தார். "தண்ணி நல்லாத்தான் போவுது, பொறவு என்னத்துக்கு நிக்குது?" என்பதே அவர் கேள்வி. தண்ணீர் என்று அவர் சொன்னது, என்ஜினின் பக்கவாட்டில் சின்ன ஓட்டையிலிருந்து பீய்ச்சி அடிக்குமே, அந்தத் தாரை. கடல் தண்ணீரை அடியிலிருக்கிற பம்பு மேலே ஏற்றி, என்ஜினைச் சுற்ற வைத்து, மறுபடி கடலுக்கே அனுப்புகிறது. பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக அதில் ஒரு கிளையை வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். அந்தத் தாரை போகிறவரை மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது என்பது கடற்கரை முழுக்க இருக்கிற நம்பிக்கை.

அங்கே இருந்த நல்ல மெக்கானிக்குகளுக்கு சீசன் நேரம், மூச்சுவிட ஆளில்லை. நான் யோசிக்காமல், "என்கூடக் கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டேன். எடை முப்பது கிலோவுக்குள்தான். சாக்கில் கட்டி ரயிலில் விழுப்புரம், அங்கிருந்து பஸ்ஸில் திருவண்ணாமலை, போளூர், பிறகு மலைப் பஸ். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். என்ன சாமான் என்று கேட்டு, பதில் சொன்னதும் நம்பவில்லை.

மலையில் படகு மெக்கானிக் ஏது? ஆனால் இங்கே டூ-ஸ்ட்ரோக் தெரிந்த ஆள் உண்டு. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் 100, பழைய டிவிஎஸ் எக்ஸெல் எல்லாம் இந்த மேட்டில் இன்னும் சாமை மூட்டையோடு ஏறிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்கிற தம்பி ஒருவர் வந்து, கவரைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், ஆர்எக்ஸ் என்ஜினப் படுக்கப் போட்டு ரெண்டா அடுக்கின மாதிரி இருக்கு" என்றார். கிட்டத்தட்டச் சரி. அவுட்போர்டில் கிராங்க் தண்டு செங்குத்தாக நிற்கும், சிலிண்டர்கள் படுத்திருக்கும், ஒன்றின் மேல் ஒன்றாக. மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்று பேசுவது அதனால்தான்.

ஒற்றுமை அதோடு முடிகிறது. பைக் என்ஜினுக்கு மூச்சுவிட நேரம் உண்டு, இறக்கத்தில் ஓய்வு உண்டு. படகு மோட்டார் புறப்பட்டதிலிருந்து கரை சேரும்வரை மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கிற பைக் மாதிரி. அதனால் எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. புத்தகம் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 30-க்கு 1 என்றால் 33 மில்லி. மண்ணெண்ணெய்க்குப் பெட்ரோலைவிடக் கூடுதலாகத்தான் சொல்லியிருப்பார்கள். மூடியில் குத்துமதிப்பாக ஊற்றுகிற பழக்கம் இரண்டு பக்கமும் தப்பு. குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் கரி கட்டி, பிளக் நனைந்து, கடலில் நிற்கும்.

டிரம்மில் ஓட்டினோம். 12 நிமிடத்தில் நின்றது. ஆஹா, வியாதி இங்கேயும் வருகிறது என்று சந்தோஷப்பட்டேன். கையை விட்டுப் பார்த்தால் டிரம் தண்ணீரே வெந்நீர். இருநூறு லிட்டரை ஒரு என்ஜின் சுட வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அப்படியானால் இது மோட்டாரின் கோளாறா, டிரம்மின் கோளாறா? அடுத்த வாரம் பக்கத்து வீட்டு போர் மோட்டாரிலிருந்து ஹோஸ் இழுத்து, டிரம்மில் குளிர்ந்த தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும்படி செய்து ஓட்டினோம். 35 நிமிடத்தில் நின்றது. டிரம்மின் மேல் பழி இல்லை.

சூடானதும் நின்று, ஆறினதும் ஓடுகிற மோட்டாருக்குச் சந்தேகப்பட நாலு இடம் இருக்கிறது. எண்ணெய் டாங்கின் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடமாகி எண்ணெய் வராது. நின்றதும் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று இழுக்கும். எங்களுக்கு இழுக்கவில்லை. எண்ணெய் பம்பின் ஜவ்வு கிழிந்திருந்தால், ரப்பர் குமிழைக் கையால் பிசைந்து கொடுத்தால் ஓடும். பிசைந்தோம், ஓடவில்லை. சூட்டில் காயில் செயலிழந்தால் நின்ற நொடியில் தீப்பொறி இருக்காது. அந்த நொடிக்காக ஒரு பழைய பிளக்கைத் தயாராக வைத்திருந்து பார்த்தோம், நீலப் பொறி நன்றாகவே வந்தது. மிச்சம் இருப்பது நாலாவது, என்ஜினே அளவுக்கு மீறிச் சூடாவது. ஆனால் தாரைதான் நன்றாகப் போகிறதே?

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்த படிப்பு எல்லாம் நின்றுவிட்டது. கண்டுபிடித்தது அந்தத் தம்பி. காற்றில் குளிர்கிற பைக் என்ஜினோடு பழகின கை அது. நின்ற பைக்கை முதலில் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். ஈர விரலால் கீழ் சிலிண்டரின் தலையைத் தொட்டார், மேல் சிலிண்டரைத் தொட்டார், கையை உதறினார். "சார், கீழது பரவால்ல. மேலது 'சுர்'ருங்குது."

தலையைக் கழற்றினோம். கழற்றினோம் என்று ஒரு வார்த்தையில் எழுதுகிறேன், அதற்கு இரண்டு வாரம் ஆனது. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், நடுவே வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர். இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம், அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகி போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். கசிவு எண்ணெய் விட்டு ஊறப்போட்டு, புளோ லேம்ப்பில் சூடு காட்டி, சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தும் ஒரு போல்ட் முறிந்தது. அதைத் துளைத்து எடுக்கத் திருப்பத்தூர் லேத்துக்குப் போக வேண்டியிருந்தது. பழைய அவுட்போர்டு வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய இன்னொன்று இதிலிருந்து கற்றேன்: போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா? ஒரு தடம்கூட இல்லாத பழைய மோட்டார் நன்றாகப் பராமரித்ததாகத் தோன்றும். யாரும் திறந்ததே இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

உள்ளே, மேல் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் பாதை உப்பும் சுண்ணமும் இறுகிப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. தெர்மோஸ்டாட் மூடினபடியே இறுகிக் கிடந்தது. தாரைக்குத் தண்ணீர் பிரிகிற இடமோ இந்த அடைப்புக்கு முன்னாலேயே இருந்தது. எல்லா மாடலும் இப்படி இல்லை, ஆனால் பல மாடல்களில் தாரை காட்டுவது பம்பு தண்ணீரை ஏற்றுகிறது என்பதை மட்டுமே. அது என்ஜின் முழுக்கச் சுற்றி வருகிறதா என்று தாரை சொல்லாது. பெட்ரோலில் கொஞ்சம் தாங்கும். மண்ணெண்ணெய், முன்னால் சொன்ன மாதிரி, சூட்டில் சீக்கிரம் தட்ட ஆரம்பிக்கும். பிஸ்டன் விரிந்து உராயும், இழுவை குறையும், நிற்கும். ஆறினால் சுருங்கி மறுபடி ஓடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்ந்துகொண்டு.

அடைப்பை வினிகரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்தோம். தெர்மோஸ்டாட், கேஸ்கெட், பம்பின் இம்பெல்லர், கியர் சீல்கள் புதிது. லேத் கூலியோடு 11,400 ரூபாய். இம்பெல்லர் என்பது ரப்பர் இதழ்கள் கொண்ட சின்னச் சக்கரம். தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம் ஓட்டினாலே கருகிவிடும். கரையில் "சும்மா ஒரு தடவ இழுத்துக் காட்டுதேன்" என்று விற்கிறவர் காட்டுகிற அந்த ஒரு நிமிடத்திலும் இது நடக்கலாம். ஓடாமல் கிடந்தாலும் அதற்கு ஆகாது, இதழ்கள் மடங்கின வாக்கிலேயே இறுகிவிடும். ஸ்பேர் மோட்டாரில் முதலில் கெடுகிற உறுப்பு இதுவாகத்தான் இருக்கும். எண்ணெயும் அப்படித்தான். கார்புரேட்டரில் தேங்கினது ஆவியாகி, மிச்சம் பிசினாகி, ஊசித் துளையை அடைத்துவிடும். சும்மா இருப்பதால் கெடாமல் இருக்கும் என்கிற கணக்கு இந்த மோட்டாரில் செல்லாது.

ஆகஸ்டில் டிரம்மில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது. மேல் சிலிண்டரைத் தொட்டால் விரலை ஒரு நொடி வைக்க முடிந்தது. ஆனால் ஓட்டம் குறைத்தால் குதிரை மாதிரி குலுங்கிக் குலுங்கி ஓடியது. கார்புரேட்டரின் காற்றுத் திருகைத் திருப்பித் திருப்பி, ஆரஞ்சுப் பழம் உரித்த மாதிரி வழுவழுவென்று ஓடும்வரை சரிசெய்தேன். அது என் சொந்தத் தப்பு, யாரையும் சொல்ல முடியாது. பக்கத்திலே காவலூர் வானாய்வகம் இருப்பது கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் மேலே. ஜமுனாமரத்தூரும் ஏறக்குறைய அதே மட்டம். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏழு சதவீதம் போலக் குறைவு. கடற்கரைக்கு அளவாக வைத்த கார்புரேட்டர் இங்கே எண்ணெய் கொஞ்சம் தூக்கலாகக் கொடுக்கும். நான் அந்தத் தூக்கலைக் குறைத்துவிட்டேன். கீழே இறங்கினால் அதே திருகு எண்ணெய் போதாத பக்கம் போய்விடும். டூ-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் குறைவது பட்டினி மட்டுமில்லை, மசகும் அதோடு சேர்ந்து குறையும். நல்லவேளை நான் தொட்டது மெதுவோட்டத் திருகு மட்டும், உள்ளே இருக்கிற மெயின் ஜெட்டை மாற்றவில்லை. போதாததற்கு, டிரம்மின் குறுகின இடத்தில் புரொப்பல்லர் தன் புகையையே கலக்கி என்ஜினுக்கு ஊட்டும். குலுக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். மலையைவிட டிரம்தான் என்னை அதிகம் ஏமாற்றியது என்று இப்போது நினைக்கிறேன்.

காலாண்டு விடுமுறையில் மோட்டார் ஊருக்குத் திரும்பியது. வள்ளத்தில் மாட்டி, கரையோரமாகவே ஓட்டினோம். வேகம் கொடுத்ததும் தும்மியது. திருகைக் கால் சுற்று திருப்பிவிட்டதும் அடங்கியது. பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி இரண்டு மணி நேரம். நிற்கவில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, கவரைத் திறந்து ஈர விரலால் மேல் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தார்.

இந்தப் பணத்துக்குப் புதிதாகவே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். 39,400 ரூபாய்க்குப் புது மோட்டார் கிடைக்காது. அதோடு, புதிதாக வருகிறவற்றின் போக்கும் மாறுகிறது. அமெரிக்காவில் 1996-ல் படகு மோட்டார் புகைக்கு விதி கொண்டுவந்தபின் கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் அங்கே படிப்படியாக ஒழிந்தது. எவின்ரூட் பெயரிலான மோட்டார் உற்பத்தியே 2020-ல் நின்றது. விதியில் நியாயம் இருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் குடிக்கிற எண்ணெயில் ஒரு பங்கை எரிக்காமலே தண்ணீரில் துப்புகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் சுத்தம், எண்ணெயும் மிச்சம். ஆனால் கனம் அதிகம், விலை அதிகம். பெரியவற்றில் கம்ப்யூட்டர் பெட்டி வேறு. மணலில் உட்கார்ந்து ஸ்பேனரும் பிளக் கட்டையும் வைத்துச் சரிசெய்யக் கூடியது எது என்று பார்த்தால், இன்னும் கொஞ்ச காலத்துக்கு எங்கள் ஊரில் பழசுதான் ஜெயிக்கும். மண்ணெண்ணெய் கிடைக்கிறவரை என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது வருடத்துக்கு வருடம் கடினமாகிக்கொண்டுதான் போகிறது.

இப்போது அண்ணன் செவ்வாய்க்கிழமைகளில் ஸ்பேரை முதல் மோட்டாராகப் போட்டு ஓட்டுகிறார். மற்றது அன்றைக்கு ஸ்பேர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கடலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்து வந்து, இரண்டு மோட்டாரையும் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்துப் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுகிறார். வள்ளத்தில் இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது: நாலு பிளக், ஒரு இம்பெல்லர், பிளக் ஸ்பேனர், கொஞ்சம் கம்பி, டார்ச். துடுப்பு இரண்டையும் மறுபடி ஏற்றியிருக்கிறார். மோட்டார் இரண்டு ஆனதும் இடம் அடைக்கிறது என்று இறக்கி வைத்தவை அவை.

கழுவும்போது தாரையை வீடியோ எடுத்து எனக்கு அனுப்புவது வாராவாரம் நடக்கிறது. ஏழெட்டு நொடிதான் இருக்கும். போன வாரம் வந்ததில் தாரை நூல் மாதிரி மெலிந்திருந்தது. பதறிப்போய்க் கூப்பிட்டேன். இம்பெல்லரா, மறுபடி உப்பா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவர் அந்தப் பக்கம் ஓட்டைக்குள் கம்பி விட்டுக் குத்திக்கொண்டிருந்தார்.

"லேய், குளவி கூடு கெட்டிருக்கு" என்றார்.